ஏழாம் வரி

வேலையில் எனக்குப் பெயர் காவ்யா.
இருதயமேரி என்றால்
வாடிக்கையாளர் இன்னொரு முறை கேட்பாராம்,
அதில் நான்கு நொடி வீணாம்.

தங்கச்சிமடத்தில், அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு ஹெட்போன்,
சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய பதினான்கு வரிகள்.
முதல் வரி வணக்கம்.
கடைசி வரி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.
இடையில் எத்தனை நன்றி என்று ஒருநாள் எண்ணினேன்,
தொண்ணூறு தாண்டியதும் விட்டுவிட்டேன்.
இந்தத் தெருவில் யாரும் யாருக்கும்
நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.
குழம்பு வந்த கிண்ணம்
வெறுமனே திரும்பிப் போகாது, அவ்வளவுதான்.

அன்று பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
காலையிலிருந்து கரண்ட் இல்லை,
தம்பியின் ஆட்டோ பேட்டரியில் மோடம் ஓடியது.
இன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஒருவர்.
நான் வணக்கத்தை முடிப்பதற்குள்
என் அம்மா என்ன தொழில் செய்கிறாள் என்று
அவராகவே முடிவு செய்துவிட்டார்.

ஏழாம் வரி: உங்கள் கோபம் எங்களுக்குப் புரிகிறது.
சொன்னேன்.
"என்னடி புரியுது உனக்கு,
ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு."
விசிறியை மடியில் வைத்துவிட்டு
எட்டாம் வரிக்குப் போனேன்.
என் ஊரை நான் சொல்லக் கூடாது.
அவர் ஊரை எனக்குக் காட்டமாட்டார்கள்.
திரையில் பதினோரு இலக்கம், அதுதான் ஆள்.

அப்போது அவர் பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கி:
மீனவ நண்பர்களின் கனிவான கவனத்திற்கு,
மறு அறிவிப்பு வரும்வரை
கடலுக்குச் செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.
அதைக் கேட்பதற்காக வசவை நிறுத்தினார்.
அது தேய்ந்து மறைந்ததும்
விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார்.

நான் பத்தாம் வரியில் இருந்தேன்.
அதே கனிவான கவனம்
என் சன்னலுக்கு வெளியே வந்து நின்றது.
மீன்துறை ஆட்டோ.
தெற்கே மூன்று தெரு சுற்றிவிட்டுத்தான்
எங்கள் பக்கம் வரும்.

மைக்கைக் கையால் பொத்தினேன்.
சொல்லை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கேட்டேன்.
ஒரு இழுப்பு, முடிவில் ஒரு தட்டு.
ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூத்திப்பத்து.
ஏலம் விடும் சந்தியாகு அண்ணன்.
என் மகள் புதுநன்மைக்கு வந்து
மொய் வைத்துச் சாப்பிட்டுப் போனவர்.

புகாரைப் பதிந்தேன்.
எண்ணை நிதானமாக இரண்டு முறை சொன்னேன்.
வேறு ஏதேனும் உதவி தேவையா என்றேன்.
போடி, என்றார்.

கூண்டு இறக்கிய மூன்றாம் நாள் கரைக்குப் போனேன்.
"வா தங்கச்சி, சாப்பிட்டியா,
அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?"
அதில் நடிப்பில்லை. உண்மையாகவே கேட்டார்.
அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.
அரைக் கிலோ ஊளி நிறுத்து
கேட்காமலே மேலே இரண்டு சூடை போட்டார்.

பணத்தை நீட்டினேன், காவ்யாவின் குரலில்:
"எங்களைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி.
வேறு ஏதேனும் உதவி தேவையா?"

தராசு ஆடிக்கொண்டே இருந்தது.
பின்னால் யாரோ சிரித்தார்கள், என்னக்கா ரேடியோ மாதிரி என்று.
அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்,
பார்த்தார், மறுபடி செருகினார்.
பைக்குள் மூன்றாவது சூடை ஒன்று விழுந்தது.
அதை எடுத்து அவர் கூடையிலேயே வைத்தேன்.

இங்கே பிறந்து முப்பத்தாறு வருடத்தில்
யாரிடமிருந்து கிளம்பினாலும்
வர்றேன் என்று சொல்லாமல் நகர்ந்ததில்லை,
சாவு வீட்டைத் தவிர.

அன்று சொல்லவில்லை.

மீன் மட்டும் நல்ல மீன்.
இரண்டு வேளைக்கு வந்தது.